அடிக்குறிப்பின் கதை: ஆய்வுநெறியும் நமது மரபும்

பல்கலைக்கழகத்திற் புகுந்த முதலாண்டிலே யான் எழுதிக் கொடுத்த முதற் கட்டுரை, மூன்று வாரங் கழித்துச் சிவப்பு மையினாற் கோலமிடப்பெற்றுத் திரும்பி வந்தது. இலக்கணப் பிழை அதிலே மிகுதியாக இருக்கவில்லை. கருத்துப் பிழையென்றும் விரிவுரையாளர் எதனையுங் குறிக்கவில்லை. ஆயின் ‘என்பர் அறிஞர்’ என்று யான் எழுதிய இடந்தோறும் ‘எவர்? எங்கே?’ என்னும் இரு வினாக்களும் பக்க ஓரத்திலே காணப்பட்டன. எண்ணிப் பார்த்தேன்; பதினோரிடங்கள். பாடசாலையிலே அத்தொடரை எழுதுந்தோறும் புள்ளி பெற்றுப் பழகிய எனக்கு இது பெரும் அவமானமாகத் தோன்றியது. நூலகத்திற் சென்று தேடிய பின்னரே உண்மை புலனாயிற்று. பதினொன்றில் நான்கு கூற்றுக்களை எந்த அறிஞரும் எந்நூலிலும் கூறியதாக யான் காணவில்லை. உயர்தர வகுப்பிலே எழுதிய குறிப்புப் புத்தகமே அவ்வறிஞர்.

இன்று புதிதாகப் பல்கலைக்கழகம் வரும் மாணவர், ஆய்வுக் கட்டுரை எழுதும் விதிகளை ஒரு கைந்நூலாகவோ சில தட்டச்சுத் தாள்களாகவோ பெறுகின்றனர். ஆசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, நூற்பெயரைச் சாய்வெழுத்தில் இடுவதா அடிக்கோடிடுவதா, ஆண்டு முன்னே வருவதா பின்னே வருவதா என்பன போன்ற செய்திகளே அவற்றுள் நிறைந்துள்ளன. காரணங் கூறப்படாத விதி சடங்காகிவிடும். சடங்கென்றே பலர் அதனைக் கருதி, கட்டுரையை எழுதி முடித்த பின் இறுதி இரவிலே அடிக்குறிப்புகளைத் ‘தேடிப் போடுகின்றனர்’. உண்மையில் இவ்விதிகளுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்புண்டு. யாரோ ஒருவருக்கு ஏற்பட்ட இடர்ப்பாடே பெரும்பாலும் அதனைப் பெற்றெடுத்தது. அவ்வரலாற்றிற் சில பகுதிகளை நோக்குவதும், நமது தமிழ் மரபு அதனோடு எவ்விடத்திற் பொருந்துகிறது, எவ்விடத்தில் வேறுபடுகிறது என ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டிலே குறிப்பெழுதும் வழக்கம் பழையது. வேதநூல்களுக்கும் சட்டநூல்களுக்கும் பக்க ஓரங்களிற் குறிப்பெழுதும் முறை இடைக்காலத்திலேயே நிலவியது. ஆயினும், ஓர் ஆசிரியர் தாம் கூறுவதற்குத் தாமே சான்று காட்டி, அச்சான்றை வாசகன் சோதிக்குமாறு இடங்குறித்தல் என்னும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் வலுப்பெற்றதெனலாம். பிரான்சிலிருந்து சமயக் காரணத்தால் வெளியேறி ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகரிலே வாழ்ந்த பியர் பெயில் என்பார், 1697இல் வெளியிட்ட வரலாற்று விமரிசன அகராதியில், சில வரிகளே கொண்ட மூலத்தின் கீழே பக்கம் நிறைய விளக்கக் குறிப்புகளையும், ஓரத்திலே அவற்றுக்குரிய நூலிடங்களையும் அமைத்தார். மூலம் மெலிந்து குறிப்புப் பெருத்த அந்நூலைக் காண்போர் நகைத்தலுங் கூடும். ஆனால் முன்னோர் எழுதிய அகராதிகளின் பிழைகளைத் திருத்துவதே அவர் மேற்கொண்ட பணி. பிழையென்று கூறுபவர் பிழையிருக்கும் இடத்தையும் சரியிருக்கும் இடத்தையும் காட்டியாக வேண்டுமல்லவா? சமய அதிகாரமும் அரச அதிகாரமும் எதனை நம்ப வேண்டுமெனக் கட்டளையிட்ட காலத்திலே, நாடிழந்த ஒருவர் கையிலிருந்த அதிகாரம் இடங்காட்டுதல் ஒன்றே.

எட்வர்ட் கிப்பன் எழுதிய உரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய வரலாற்றின் முதற்றொகுதி 1776இல் வெளிவந்தது. அதிலே குறிப்புகள் யாவும் நூலிறுதியிலே தொகுக்கப்பட்டிருந்தன. மெய்யியலாளரான டேவிட் ஹியூம் அந்நூலைப் படித்து மகிழ்ந்தவர். ஆயினும், ஒவ்வொரு முறையும் நூலின் கடைசிக்குச் சென்று மீள வேண்டியிருப்பதைக் குறைகூறி, குறிப்புகளைப் பக்கத்தின் அடியிலே அச்சிடுமாறு பதிப்பாளருக்கு எழுதினார். பின்னைய பதிப்புகளில் அவ்வாறே செய்யப்பட்டது. அடிக்குறிப்பை நாம் ‘அடி’யிலே காண்பதற்கு வாசகர் ஒருவரின் சலிப்பும் ஒரு காரணம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதனினும் முக்கியமானது அடுத்து நிகழ்ந்த விவாதம். 1778இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த ஹென்றி டேவிஸ் என்னும் இளைஞர், கிறித்தவத்தின் தொடக்க காலம் பற்றிக் கிப்பன் எழுதிய அதிகாரங்களை எடுத்துக்கொண்டு, மேற்கோள்களைத் திரித்தார், பிறர் நூலிலிருந்து களவாடினார் என்று குற்றஞ்சாட்டி ஒரு நூல் எழுதினார். கிப்பன் 1779இல் அதற்கு மறுப்பு வெளியிட்டார். மறுப்பின் பெரும்பகுதி, தாம் குறித்த நூலிடங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுவுவதாகவே அமைந்தது. இங்கு நோக்க வேண்டியது யாதெனின், கிப்பன் குறிப்பெழுதாதிருந்தால் அவ்விளைஞர் அவரைத் தாக்கியிருக்கவே முடியாது. தம்மைத் தாக்குதற்குரிய கருவியை எதிரியின் கையிலே கொடுத்தவர் கிப்பனே. அக்கருவியே பின்னர் அவரைக் காத்தது. ஆய்வுலகின் ஒழுக்கம் முழுவதும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

ஜேர்மனியில் லியோபோல்ட் வொன் ராங்கே 1824இல் தமது முதல் வரலாற்று நூலோடு, அக்காலத்து வரலாற்றாசிரியர்களின் மூலங்களை அலசும் ஒரு பின்னிணைப்பையும் வெளியிட்டார். பேர்லினில் அவர் நடத்திய ஆய்வரங்கமும் அதனைப் பின்பற்றிய பிற பல்கலைக்கழகங்களும் மூல ஆவணத்தைக் குறித்தலை வரலாற்றுத் துறையின் கட்டாயக் கடமையாக்கின. கலாநிதிப் பட்டம் அங்கிருந்து அமெரிக்காவுக்கும், பின்னர் பிரித்தானியாவுக்கும், அதன் வழியாக நமக்கும் வந்தது.

ஆனால் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விதிகள் பேராசிரியர்களிடமிருந்து வந்தன அல்ல, அச்சகத்திலிருந்து வந்தவை. சிக்காகோப் பல்கலைக்கழகப் பதிப்பகம் தொடங்கிய காலத்தில், பேராசிரியர்கள் கையெழுத்துப் பிரதிகளை நேரே அச்சுக்கோப்பாளரிடம் கொடுத்தனர். ஒருவர் எழுதுவது போல் மற்றவர் எழுதுவதில்லை. அச்சுக்கோப்பாளரும் பிழைதிருத்துவோரும் தமக்குள் ஒழுங்கு வேண்டித் தயாரித்த தாள் ஒன்று வளர்ந்து, 1906இல் ஏறத்தாழ 200 பக்கங் கொண்ட கைந்நூலாக வெளிவந்தது. அதன் பதினெட்டாம் பதிப்பு 2024இல் வெளியாகி, ஆயிரம் பக்கங்களைக் கடந்துவிட்டது. இலக்கணம் நூற்றாண்டுகளாக நன்னூலளவிலே நின்றிருக்க, காற்புள்ளி நூல் மாத்திரம் இவ்வாறு பருப்பது வியப்பன்றோ!

அதே பல்கலைக்கழகத்திலே 1930 முதல் 1958 வரை ஆய்வேட்டுச் செயலாளராகப் பணியாற்றியவர் கேற் துராபியன் அம்மையார். பட்டத்திற்காகச் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகள் உரிய வடிவில் உள்ளனவா எனப் பார்ப்பது அவர் பணி. அவரது ஒப்புதலின்றி எவ்வேடும் ஏற்கப்படாது. மாணவர்களின் ஒரே வகைப் பிழைகளைக் கண்டு கண்டு சலித்தே அவர் 1937இல் ஒரு சிறு வழிகாட்டியைத் தயாரித்தார் என்று ஊகித்தல் தவறாகாது. அவ்வழிகாட்டியே பின்னர் அவர் பெயரால் இலட்சக் கணக்கிற் பரவியது. பேராசிரியர் பலரின் கொள்கைகள் மறைந்தொழிந்த பின்னும், அலுவலக மேசையிலிருந்து எழுந்த இந்நூல் நிலைபெற்றுள்ளது.

மற்றொரு நெறியின் பிறப்பு இன்னும் எளிமையானது. ஹாவார்ட் பல்கலைக்கழக விலங்கியலறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் மார்க், 1881இல் தோட்டத்து ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை வளர்ச்சி பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் இட்டு மேற்கோள் காட்டினார். இன்று ஹாவார்ட் முறை எனப்படுவது இவ்வாறு தோன்றியது என்பர் (எவர், எங்கே என்று என் விரிவுரையாளர் கேட்பார்; 1988இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எலி செர்னின் எழுதிய கட்டுரையிலே இச்செய்தி உளது). அமெரிக்க உளவியற் கழகத்தின் ஏழு பக்க அறிவுரை 1929இலும், நவீன மொழிக் கழகத்தின் ஏடு 1951இலும், வான்கூவர் நகரிற் கூடிய மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களின் எண்முறை 1979இலும் வெளிவந்தன. இவற்றை விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மாத்திரம் குறிப்பிடலாம். அறிவியலாளனுக்கு ஒரு முடிவு எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதே முதன்மையானது. பழைய முடிவு புதியதாற் கழிக்கப்படும். ஆகவே ஆண்டு முன்னே வந்தது. இலக்கிய மாணவனுக்கோ ஆண்டிலும் பக்கமும் பாடமும் முதன்மை. ஆகவே அவனது குறிப்பிற் பக்கவெண் முந்தியது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவன் எந்த நெறியையும் விரைவிற் கற்றுக்கொள்வான்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘இவையெல்லாம் வெள்ளையர் தந்தவை, நம்மவர்க்கு மேற்கோள் மரபு புதிதன்று’ என்று மேடைகளிற் கூறக் கேட்கிறோம். இக்கூற்றிற் பாதி உண்மை. நம் உரையாசிரியர்கள் மேற்கோள் கடலிலே நீந்தியவர்கள். இளம்பூரணர் முதல் நச்சினார்க்கினியர் வரை, நூற்பாவொன்றை விளக்குதற்குச் சான்றோர் செய்யுள்களை அடுக்கிச் செல்வர். ஆனால் பெரும்பாலும் செய்யுளின் முதற் சொற்கள் சிலவற்றைச் சொல்லி நிறுத்துவர். இயற்றியவர் பெயரோ நூற்பெயரோ இராது. அவர்களைக் குறைகூற நியாயமில்லை. ஏட்டுச் சுவடியிற் பக்கவெண் என்பது பயனற்றது. ஒருவர் படியில் ஏழாம் ஏட்டில் உள்ள செய்யுள் மற்றவர் படியிற் பத்தாம் ஏட்டிலிருக்கும். பக்கவெண் அச்சு இயந்திரத்தின் பிள்ளை. மேலும், அவ்வுரையைக் கேட்கும் மாணாக்கன் அச்செய்யுளை முன்னரே மனனஞ் செய்தவன். அவனுக்கு முதற் சொல்லே முகவரி.

அம்மாணாக்கன் மறைந்தபோது முகவரியும் மறைந்தது. இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையாகும். இசை பற்றியும் நாடகம் பற்றியும் உரைகூறத் தாம் துணைக்கொண்ட நூல்களை அவர் தமது உரைப்பாயிரத்திற் பெயர் கூறிக் குறிப்பிடுகின்றார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்பன அவை. பெரிய நூல்கள் அழிந்துபட்டமையால் எஞ்சியவற்றையே கொண்டதாகவும் அவர் உணர்த்துகின்றார். இன்றைய ஆய்வேட்டின் உசாத்துணைப் பட்டியலுக்கும் இதற்கும் யாது வேற்றுமை? இவற்றுட் பஞ்சமரபு என்ற பெயரில் ஒரு சுவடி கிடைத்து 1970களில் அச்சேறியது. ஏனையவற்றை முழு நூலாக நாம் பெற்றிலம்; அவர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சின. தகடூர் யாத்திரையின் செய்யுள்களும் இவ்வாறே உரைமேற்கோளாகவும் புறத்திரட்டு என்னுந் தொகைநூல் வழியாகவும் தப்பின. முத்தொள்ளாயிரத்தில் நாம் படிப்பனவும் பெரும்பாலும் அத்தொகையிலிருந்து மீட்கப்பட்டவையே. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூல் ஏறக்குறைய முழுவதும் பழைய மேற்கோள்களிலிருந்து திரட்டப்பட்டதே. நம் கிழக்கிலங்கை தந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூலிலே, மறைந்த யாழ்க்கருவிகளுக்கு உருவங் கொடுக்க முனைந்தபோதும், அரங்கேற்று காதையும் அதற்கமைந்த பழைய உரைகளுமே அவருக்கு முக்கிய ஆதாரமாயின. அடியார்க்குநல்லார் அந்நூற் பெயர்களைக் கூறாது ‘என்பர் அறிஞர்’ என்று எழுதிப் போயிருந்தால் நிலை யாதாகியிருக்கும்!

இருப்பினும், பாதி உண்மை என்றே மேலே கூறினேன். உரையாசிரியரின் மேற்கோள் பெரும்பாலும் நம்பச் செய்வதற்காக எடுக்கப்படுவது. சான்றோர் கூறினார், ஆதலின் அமைக என்பது அதன் குரல். அடிக்குறிப்போ ஐயுறுதற்கு இடந்தருவது. ஐயமாயின் சென்று பார்க்க என்பது அதன் குரல். முன்னது பணிவிற் பிறந்தது. பின்னது விவாதத்திற் பிறந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேதான் நம் மாணவர் பலர், பெரியார் ஒருவர் பெயரைக் கூறிவிட்டாற் கருத்து நிறுவப்பட்டதென எண்ணி அமைகின்றனர்.

இவ்விரு குரல்களும் சந்தித்த இடமாக யான் கருதுவது 19ஆம் நூற்றாண்டின் பதிப்புரைகளை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். வீரசோழியம் (1881), இறையனார் அகப்பொருள் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றுக்கு அவர் எழுதிய பதிப்புரைகள் 1971இல் ‘தாமோதரம்’ என்ற பெயரில் யாழ்ப்பாணத்திலே தொகுக்கப்பட்டன. அவற்றைப் படிப்போர், தொட்டால் ஒடியும் ஏடுகளைப் பற்றிய அவரது துயரத்தையே பெரிதும் நினைவிற் கொள்வர். யான் வேண்டுவது மற்றொன்றைக் காணுமாறு: எவரிடமிருந்து ஏடு பெற்றார், அவை எந்நிலையில் இருந்தன என்று அவர் வெளிப்படக் கூறுகின்றார், தம் பதிப்பிற் பிழையிருக்கும் என்பதையும் மறைத்திலர். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) எனத் தொடர்ந்த பதிப்புகளில் இதனை மேலும் வளர்த்தார். உரையாசிரியர் பெயர் சொல்லாது விட்ட மேற்கோள்களுக்கு நூலும் எண்ணும் கண்டறிந்து குறித்தார், ஒப்புமைப் பகுதிகளைத் தந்தார், அகராதி சேர்த்தார். முதற் சொல்லே முகவரியாயிருந்த மாணாக்கனின் நினைவாற்றலை, எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய அச்சுப் பக்கத்திலே அவர் இறக்கி வைத்தார் எனலாம். ஜேர்மன் ஆய்வரங்கு எதிலும் இவ்விருவரும் இருந்தவரல்லர். சுவடி கற்பித்த நெறி அது.

நம் நாட்டிலே கலைத்துறைப் பல்கலைக்கழகக் கல்வி 1960ஆம் ஆண்டளவிலே தாய்மொழிக்கு மாறியது. அதற்கு முன் தமிழைப் பற்றிய ஆய்வேடும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இலண்டனிலும், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் பேர்மிங்காமிலும் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதியவையும் ஆங்கிலத்தில் அமைந்தவையே. தமிழில் எழுதத் தொடங்கியதும், ஆங்கிலக் கைந்நூல்கள் விடை கூறாத சில வினாக்கள் எழுந்தன. அவற்றை நாமேதான் தீர்க்க வேண்டியிருந்தது. இன்னும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

முதலாவது பெயர். குடும்பப் பெயரை முன்னிட்டு அகரவரிசைப்படுத்துக என்பது விதி. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே உண்டு. விதியைக் கண்மூடிப் பின்பற்றியவர் ‘பிள்ளை’யைக் குடும்பப் பெயராகக் கொண்டு, தாமோதரம்பிள்ளை, கணபதிப்பிள்ளை, வையாபுரிப்பிள்ளை மூவரையும் ஒரு வீட்டாராக்கிவிடுவர், சாமிநாதையரோ ‘ஐயர்’ என்பதன் கீழே சென்று ஒளிந்துகொள்வார். வேறு சிலர் தலைப்பெழுத்தின்படி அடுக்குவர். அப்போது தந்தையின் பெயரே மகனின் இடத்தைத் தீர்மானிக்கும். இயற்பெயரைத் தலைச்சொல்லாகக் கொண்டு தலைப்பெழுத்தைப் பின்னிடுவதே தக்கதென்பது என் கருத்து.

இரண்டாவது ஆண்டு. பழைய நூல்கள் பல அறுபதாண்டு வட்டத்துப் பெயரையே முகப்பில் தாங்குவன. பார்த்திப வருடம் என்றிருந்தால், அது 1885இலும் தொடங்கியது, 1945இலும் தொடங்கியது. தாளையும் எழுத்துருவையும் அச்சகத்தின் பெயரையும் பார்த்தே எதுவெனத் துணிய வேண்டும். துணிந்ததை அடைப்புக்குள் இட்டு, துணிபு என்னுடையதே என்று காட்டவும் வேண்டும். அறியாதார் அறுபதாண்டு தவறுவர். நாவலர் பதிப்புகள் போன்று பலமுறை அச்சானவற்றிற் பக்கவெண் ஒன்றோடொன்று பொருந்தாது. பதிப்பாண்டு கூறாத பக்கவெண் பயனற்றது. இலக்கணத்துக்கு நூற்பா எண்ணும், செய்யுளுக்குச் செய்யுளெண்ணும் குறிப்பதே பாதுகாப்பு.

மூன்றாவதொன்று சிறிதெனினும் சுவையானது. முன்னைய குறிப்பிலுள்ள நூலையே மறுபடியுங் குறிக்க மேனாட்டார் ஆளும் இலத்தீன் சுருக்கத்துக்கு, நம்மவர் ‘மேற்படி’ என்பதை வழங்கினர். காணி உறுதியிலே நொத்தாரிசு எழுதும் சொல் அது. மேற்படி காணி, மேற்படி கிணற்றுப் பங்கு என்று வழங்கிய சொல், மேற்படி நூல், பக்கம் 43 என ஆய்வேட்டிலே குடிபுகுந்தது. பின்வந்தோர் ‘மேலது’ என்று சுருக்கினர். இடையிலே ஒரு குறிப்பைப் புதிதாகச் செருகினால் ‘மேற்படி’ வேறு நூலைச் சுட்டிவிடும். பிறன் காணிக்கு உறுதி முடித்த கதையாகும். சிக்காகோ நூலும் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், அவ்விலத்தீன் சுருக்கத்தைத் தவிர்த்துச் சுருங்கிய தலைப்பையே ஆளுமாறு அறிவுறுத்தியது.

இணையத்தில் நூல்கள் கிடைக்கும் இக்காலத்திலே இடங்குறித்தல் எளிதாயிற்றெனச் சிலர் கருதுவர். முகவரிகள் மாறுவதும் மறைவதும் ஏட்டுச் சுவடி செல்லரிப்பதினும் விரைவாக நிகழ்கின்றன. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு ஒவ்வொன்றாக நூலக எண் இட்டு வழங்குகின்றது. அவ்வெண்ணைக் குறித்தால் நாளை வருபவன் தேடி அடைவான்.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும், ஓலைச் சுவடிகளும், பழைய பத்திரிகைத் தொகுதிகளும் அழிந்தன. அந்நிகழ்வுக்கு முன்னர் எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டைச் சில ஆண்டுகளின் முன் தட்டச்சுப் பிரதியிலே படிக்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்து நாட்டுக்கூத்துப் பற்றியது அது. பெரிய ஆராய்ச்சியென்று கூறுதற்கில்லை. ஆயின் அதன் ஆசிரியர் தாம் பார்த்த சிறு பிரசுரம் ஒவ்வொன்றுக்கும் அச்சகம், ஆண்டு, பக்கத்தொகை ஆகியவற்றைக் குறித்து, ‘யாழ்ப்பாணப் பொது நூலகப் பிரதி, முகப்புத் தாள் கிழிந்துள்ளது’ என்பது போல அதன் நிலையையும் எழுதியிருந்தார். நாலைந்து வரிகளை அப்படியே பெயர்த்தும் வைத்திருந்தார். அவற்றுள் இரு பிரசுரங்களை யான் கொழும்பிலும் பேராதனையிலும் சென்னையிலும் தேடினேன். கிடைக்கவில்லை. இப்பொழுது என் கட்டுரையில் அந்நூல்களைக் குறிப்பிட வேண்டியிருந்தது. அவற்றைப் பார்த்ததாக எழுத இயலாது. அந்த அடிக்குறிப்பையே ஆதாரமாகக் காட்டி, ‘இன்னார் எடுத்தாண்டபடி’ என்று எழுதினேன்.